ஸ்கூபா திசைகாட்டி வாங்குவது எப்படி? டெல்டாவிலிருந்து கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு

கும்பகோணத்தில் கடைக்குப் போய் "காம்பஸ் இருக்கிறதா?" என்று கேட்டால் வட்டம் வரையும் கவராயத்தை எடுத்து நீட்டுவார்கள். எனக்கு நீட்டினார்கள். "தண்ணீருக்கடியில் திசை பார்க்க" என்று விளக்கியதும், கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மயிலாடுதுறைப் பக்கம் உரக்கடை வைத்திருப்பவன் நான். நீச்சல் பழகியது காவிரியில். ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு முக்குளிப்பது, கற்றது புதுச்சேரியில். சரியான திசைகாட்டி ஒன்று கைக்கு வருவதற்குள் இரண்டு தவறான திசைகாட்டிகளும் எட்டு மாதமும் போயின. அந்தமானில் முக்குளிப்பவருக்கு இது அவ்வளவு பெரிய விஷயமில்லை. அங்கே தண்ணீர் தெளிவு, மேலே நிற்கும் படகின் அடிப்பாகமே தெரியும். நம் கடலோ ஆறுகள் கொண்டு வந்து கொட்டும் வண்டலோடு கலங்கிக் கிடப்பது. நீட்டிய கையின் விரல் தெரிந்தால் நல்ல நாள் என்று சொல்லும்படியான நாட்களும் உண்டு. அந்தக் கலங்கலில் படிக்க முடிகிற கருவியைத் தேர்ந்தெடுப்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1. பயிற்சிக்கு முன்பே வாங்காதீர்கள்

அடிப்படைப் பயிற்சியிலேயே (ஓப்பன் வாட்டர் என்பார்கள், அதிகபட்சம் 18 மீட்டர், மீனவர் கணக்கில் பத்துப் பாகம்) திசைகாட்டி பார்த்து நேராகப் போய்த் திரும்பச் சொல்லித் தருவார்கள். கருவியைப் பயிற்சி நிலையமே கொடுக்கும். அந்த நாட்களில் இரண்டு மூன்று வகைகளைக் கேட்டு வாங்கிக் கட்டிப் பாருங்கள். எது உங்கள் கண்ணுக்கும் கைக்கும் ஒத்துவருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

நான் இதைச் செய்யவில்லை. பயிற்சிக்குப் போகும் முன்பே இணையத்தில் மலையேற்றத் திசைகாட்டி ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். "வாட்டர்ப்ரூஃப்" என்று அட்டையில் இருந்தது. மழைக்குத் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. இரண்டாவது முக்குளிப்பிலேயே உள்ளே இருந்த எண்ணெய் கசிந்து, பெரிய குமிழி ஒன்று தட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஸ்கூபாவுக்கென்று செய்ததா, எத்தனை மீட்டர் வரை தாங்கும் என்ற இரண்டையும் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.

2. எண்ணெய்த் திசைகாட்டியா, மின்னணுவா?

முதல் கருவி எண்ணெயில் மிதக்கும் காந்தத் தட்டு உள்ளதாகவே இருக்கட்டும். பேட்டரி வேண்டாம், அளவீடு (காலிபரேஷன்) செய்ய வேண்டாம், பார்த்த உடனே புரியும். மின்னணுத் திசைகாட்டி பெரும்பாலும் டைவ் கம்ப்யூட்டரோடு (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கைக்கருவி) சேர்ந்துதான் வரும். அதன் விலை அரை லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி மாற்றினால் மறுபடி அளவீடு செய்ய வேண்டியிருக்கும். அதை மறந்து இறங்கினால், தவறான எண்ணை மிகத் தெளிவாகக் காட்டும்.

3. எந்த அரைக்கோளத்துக்குச் செய்தது?

என் பணத்தை அதிகம் விழுங்கிய இடம் இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பூமியின் காந்தப்புலம் எல்லா இடத்திலும் தரைக்கு இணையாக ஓடுவதில்லை. வடக்கே போகப் போக ஊசியின் வடமுனையைக் கீழே இழுக்கும். தெற்கே ஆஸ்திரேலியா பக்கம் போனால் தென்முனையை இழுக்கும். தட்டு சாயாமல் இருப்பதற்காகத் தயாரிப்பாளர்கள் எதிர்முனையில் சிறு எடை வைத்துச் சமன் செய்வார்கள். ஆகவே வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று என இரண்டு வகை விற்பனைக்கு வரும். உதாரணமாக, சுன்டோ நிறுவனத்தின் எஸ்.கே-8 இரண்டு வகையிலும் உண்டு. பெட்டியில் என்.ஹெச். என்று இருந்தால் வடக்கு, எஸ்.ஹெச். என்றால் தெற்கு.

மெல்போர்னில் இருக்கும் என் சித்தப்பா மகன், நான் கேட்டதற்காக அங்கேயே நல்ல திசைகாட்டி ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தான். அருமையான பொருள், ஆனால் எஸ்.ஹெச். ஆஸ்திரேலியாவின் இழுப்புக்காக வைத்த எடை, இங்கே இழுப்பில்லாததால் தட்டைச் சாய்த்துவிட்டது. கையைக் கொஞ்சம் கவிழ்த்தால் தட்டு கூட்டில் உரசி நின்றுவிடும். நின்ற தட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே திசையைக் காட்டும். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு நான் வளைந்து வளைந்து போயிருக்கிறேன். பயிற்றுநர் என் ஃபின்னை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) பிடித்து இழுத்து நிறுத்தும்வரை எனக்குத் தெரியவில்லை.

அதற்காக என்.ஹெச். வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. காந்த நடுக்கோடு, அதாவது எந்த முனையையும் கீழே இழுக்காத கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. நாகப்பட்டினமும் காரைக்காலும் அதற்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே கீழ்நோக்கிய இழுப்பு மிகக் குறைவு. ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்த என்.ஹெச். திசைகாட்டியும் நம் கரையில் லேசாகச் சாயும். எஸ்.ஹெச். அளவுக்குத் தொந்தரவு தராது. ஆனாலும் சாய்வு உண்டு. ஆகவே என்.ஹெச். அல்லது உலகம் முழுவதற்கும் என்று குறிப்பிட்டதை எடுங்கள். எடுத்த பிறகு அடுத்த அம்சத்தில் கறாராக இருங்கள்.

இன்னொன்று: வரைபட வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிச் சிலர் பயமுறுத்துவார்கள். நம் கரையில் அது மிகச் சிறியது. போன வழியே திரும்பிவருகிற முக்குளிப்பாளருக்கு அது தேவையே இல்லை.

4. எவ்வளவு சாய்வு வரை தட்டு சுழலும்?

தண்ணீரில் யாரும் கையை மேசைபோல மட்டமாக வைத்துக்கொண்டு நீந்துவதில்லை. அலை தூக்கும், ஃபின் அடிக்கும்போது தோள் ஆடும். எத்தனை டிகிரி சாய்வு வரை தட்டு தடையில்லாமல் சுழலும் என்பதுதான் ஒரு ஸ்கூபா திசைகாட்டியின் தரம். மேலே சொன்ன எஸ்.கே-8க்கு 30 டிகிரி, ஸ்கூபாப்ரோவின் எஃப்.எஸ்-2க்கு 35. இந்த எண்ணைச் சொல்லாத பொருளை நான் வாங்க மாட்டேன்.

சொன்ன எண்ணை நம்பவும் வேண்டாம். கடைக்குப் போகும்போது பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து பாகைமானியை எடுத்துச் செல்லுங்கள். திசைகாட்டியை ஒரு புத்தகத்தின்மேல் வையுங்கள். புத்தகத்தின் ஒரு ஓரத்தை மெல்லத் தூக்கிக்கொண்டே, மேசையின்மேல் புத்தகத்தைச் சுற்றுங்கள். தட்டு எந்தச் சாய்வில் மக்கர் செய்கிறது என்று அளந்து பாருங்கள். நான்கு பக்கமும் இப்படிச் செய்ய வேண்டும். சமன் செய்த எடையால் ஒரு பக்கம் மற்றதைவிடச் சீக்கிரம் உரசும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

5. கலங்கலில் படிக்க முடிகிறதா?

கடையின் குழல்விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் திசைகாட்டியும் அழகாகத்தான் இருக்கும். வண்டல் கலந்த பச்சைத் தண்ணீரில் சிவப்பு நிறம் சில மீட்டரிலேயே மங்கிப் பழுப்பாகிவிடும். ஆகவே சிவப்பு அம்புக்குறியை நம்பிய வடிவமைப்பு நமக்கு ஆகாது. இருட்டில் ஒளிரும் பூச்சு உள்ள தட்டு, தடித்த வடக்குக் குறி, பெரிய எண்கள் ஆகியவைதான் வேண்டும். கடையில் கைப்பேசி விளக்கைத் தட்டின்மேல் சில நொடி காட்டிவிட்டு, கைக்குட்டையால் மூடி, உள்ளே எட்டிப் பாருங்கள். என்னைப் போல 40ஐத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் சிறு கண்ணாடிச் சாளரம் உள்ளதை எடுத்தால், கருவியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, போகும் திசையை எண்ணாகவே படிக்கலாம். என் மூன்றாவது திசைகாட்டியில் இது இருக்கிறது. இதற்காக 1,000 ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

மேலே உள்ள வளையம் கையால் திருப்பும்போது டக் டக்கென்று படிப்படியாக நகர வேண்டும். வழவழவென்று சுற்றினால், சட்டையில் உரசி நீங்கள் வைத்த குறி தானாக மாறிவிடும். அதை நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள்.

6. எங்கே மாட்டுவது?

மணிக்கட்டுப் பட்டை, உருளையில் மீதமுள்ள காற்றைக் காட்டும் மானியோடு சேர்ந்த கன்சோல், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் கயிறு என மூன்று வழி உண்டு. நான் மூன்றாவதற்குக் கட்சி. மணிக்கட்டில் கட்டினால், இன்னொரு கையால் முழங்கையைப் பிடித்து, திசைகாட்டியின் நடுக்கோடு உடலின் நடுவோடு ஒத்துப்போகும்படி வைக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் இதில் கோணிவிடுவார்கள். கயிற்றில் உள்ளதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் போதும். வாடகை உபகரணத்தில் முக்குளிப்பவருக்குக் கன்சோல் வாங்குவதில் பயனில்லை. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்ட முடியாது.

7. விலை, ரசீது, சுங்கம்

நான் விசாரித்தபோது சொன்ன விலைகள் இவை. நீங்கள் படிக்கும்போது கூடியிருக்கலாம். சாதாரண ஸ்கூபா திசைகாட்டி 4,000 முதல் 6,000 ரூபாய். சாய்வு தாங்கும், பக்கச் சாளரம் உள்ள நல்ல வகை 8,000 முதல் 12,000. சுருள்கயிறு தனியாக 1,000 முதல் 2,000.

டெல்டாவுக்குள் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக் கடை எனக்குக் கிடைக்கவில்லை. புதுச்சேரிக்கோ சென்னைக்கோ போக வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்குளிப்பு நிலையத்தில் விற்பனை உண்டா, இருப்பில் எத்தனை வகை என்று முதலிலேயே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உள்நாட்டு இணையக் கடையில் வாங்கினால் ஒரு வாரத்தில் வரும். திருப்பி எடுத்துக்கொள்ளும் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தண்ணீர் பட்டால் திருப்ப முடியாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இரண்டு முதல் நான்கு வாரம். கூரியர்காரர் ஆதார் அல்லது பான் நகலும், விலை குறித்த ரசீதும் கேட்பார். சுங்க வரி தனி, அதைக் கட்டிக் கொடுத்ததற்குக் கூரியர் நிறுவனம் வாங்கும் கட்டணம் தனி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இங்கேயே வாங்கியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

ஜி.எஸ்.டி. எண்ணுள்ள ரசீது கட்டாயம் வேண்டும். "பில் இல்லாமல் 500 குறைக்கிறேன்" என்று எனக்கு ஓர் இடத்தில் சொன்னார்கள். உத்தரவாதக் காலத்துக்குள் குமிழி வந்தால் அந்த 500ஐ வைத்து என்ன செய்வது? ரசீதைக் கைப்பேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பக் காகித ரசீது ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும்.

8. பெட்டியைப் பிரித்த அன்றே செய்ய வேண்டியவை

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உலர்ந்த நிலையிலேயே இவற்றைப் பாருங்கள். உள்ளே குமிழி இருக்கக் கூடாது, சிறியதுகூட. இரும்புச் சாவியை அருகில் கொண்டுபோய்த் தட்டைத் திருப்பிவிட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்கு, சில நொடிக்குள், வந்து நிற்க வேண்டும். ஐந்து முறை செய்தேன். நீங்களும் ஐந்து முறை செய்யுங்கள்.

பிறகு நீங்கள் கடலுக்குக் கொண்டுபோகும் மற்ற பொருட்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வையுங்கள். கத்தி, கைக்கடிகாரம், டார்ச். டார்ச்சைப் பார்த்துத்தான் நான் திகைத்துப்போனேன். முக்குளிப்பு டார்ச்சுகள் பலவற்றில் ஆன் செய்யும் பொத்தானுக்குள் காந்தம் இருக்கும். ஒரே கையில் டார்ச்சும் திசைகாட்டியும் பிடித்தால் வடக்கு என்பது டார்ச் இருக்கும் பக்கம்தான். எது எத்தனை விரற்கடை தூரத்தில் தட்டை அசைக்கிறது என்று குறித்துக்கொண்டு, கடலில் அதைவிடத் தள்ளியே வைத்திருங்கள்.

கோயிலை வைத்துக் கிழக்கு பார்த்துத் திசைகாட்டியைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் ஊர்ச் சன்னிதி கிழக்கு பார்த்ததுதான். ஆனாலும் நான்கு டிகிரி தள்ளியிருக்கிறது.

9. களத்தில் பழகுங்கள்

முக்குளிப்புக்குக் கட்டணம் கட்டி, தண்ணீருக்கடியில் இதைப் பழகுவது காசுக்குப் பிடித்த கேடு. நெல் அடிக்கும் களமோ பள்ளி மைதானமோ போதும். அறுவடை முடிந்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது என்று இறங்கிவிடாதீர்கள். தாளுக்கு நடுவே உளுந்து முளைத்திருக்கும். பக்கத்து வயல் பெரியப்பாவிடம் நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

கம்பு ஒன்றை ஊன்றுங்கள். திசைகாட்டியின் நடுக்கோட்டைப் போக வேண்டிய பக்கம் நீட்டி, வளையத்தைத் திருப்பி, அதன் இரண்டு குறிகளுக்கு நடுவே வடமுனை வரும்படி வையுங்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கருவி மட்டும் தெரியும்படி 50 தப்படி நடங்கள். வளையத்தை 180 டிகிரி திருப்புங்கள்; இப்போது வடமுனை மறுபடி குறிகளுக்கு நடுவே வரும்வரை உடம்போடு திரும்புங்கள். கையை மட்டும் திருப்பக் கூடாது. 50 தப்படி நடந்து துண்டை எடுத்தால் கம்பு காலடியில் இருக்க வேண்டும். முதல் நாள் எனக்கு எட்டடி தள்ளி இருந்தது. 100 மீட்டருக்கு 5 டிகிரி தவறினாலே 9 மீட்டர் விலகிப்போவோம். நம் கடலில் 9 மீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத தூரம்.

இது கைவந்த பிறகு சதுரம்: 30 தப்படிக்கு ஒருமுறை 90 டிகிரி. டிராக்டர், மோட்டார் கொட்டகை, டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாதீர்கள். சட்டைப் பையில் உள்ள கைப்பேசியையும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

10. கடலுக்குப் போகும் நாள்

திசைகாட்டிப் பயிற்சியை முறையாக முடிக்க அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் பயிற்சி இருக்கிறது. பாடி (PADI) என்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் முறையில் ஐந்து முக்குளிப்புகளில் ஒன்று கட்டாயம் திசையறிதலுக்கு. கையில் வேண்டியவை: அடிப்படைப் பயிற்சி முடித்த அட்டை, முக்குளிப்புப் பதிவேடு, அடையாள அட்டை, மருத்துவக் கேள்விப் படிவம்.

படிவத்தைக் கிளம்புகிற அன்று பஸ்ஸில் நிரப்பாதீர்கள். ஆஸ்துமா, இதயம், காது போன்ற கேள்விகளில் "ஆம்" விழுந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும். எங்கள் டாக்டர் இப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததே இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படிவத்தோடு மருத்துவர்களுக்கான விளக்கப் பக்கங்களும் உண்டு. அவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோனதும் படித்துப் பார்த்து, காதைச் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

காலம்: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஆற்று வண்டலை எல்லாம் கடலில் சேர்க்கும், அப்போது வேண்டாம். மாசி, பங்குனியில் நாள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் விசைப்படகு மீன்பிடிப்புக்கானது. இருந்தாலும் படகு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இறங்கும் முன் படகோட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம்? நான் கேட்டபோது அவர் தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீவாடு வடக்கே இழுக்கிறது தம்பி. முதலில் தெற்கே போ, திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும்." "சரிண்ணே" என்றேன். நீரோட்டம் உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவதைத் திசைகாட்டி சொல்லாது. அது நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்பதை மட்டுமே சொல்லும்.

புதுச்சேரி முதல் பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வரை கரை ஏறத்தாழ வடக்கு தெற்காக ஓடுகிறது. எல்லாம் குழம்பினாலும் 270, அதாவது மேற்கு, கரைப் பக்கம். கோடியக்கரையில் கரை மேற்கே மடங்கிவிடுவதால், அதைத் தாண்டிய முத்துப்பேட்டைப் பக்கம் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கரை வடக்கே.

பூம்புகாரில் மூழ்கிய நகரத்தைப் பார்க்க மீனவர் படகை வாடகைக்கு எடுத்து இறங்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. வேண்டாம். அது தொல்லியல் ஆய்வு நடந்த கடல். உதவிக்கு ஆளில்லாத கலங்கல் தண்ணீர். கையில் எவ்வளவு நல்ல திசைகாட்டி இருந்தாலும் பயனில்லை.

கூட்டாளியைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிப் பாருங்கள். காணோமென்றால் முறைப்படி மெல்ல மேலே வந்துவிடுங்கள். திசைகாட்டியை வைத்துத் தேடிக்கொண்டு போகாதீர்கள்.

11. திரும்பி வந்ததும்

நல்ல தண்ணீர் வாளியில் அமிழ்த்தி, வளையத்தை இரண்டு சுற்று சுற்றுங்கள். நம் வண்டல் மாவுபோல உள்ளே போய் இறுகிக்கொள்ளும். நிழலில் காய வையுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் வெயிலில் எண்ணெய் விரிந்து கசியும். ஸ்பீக்கர், காந்த மூடி போட்ட கைப்பேசி உறை ஆகியவற்றின் பக்கத்தில் வைத்தால் காந்தமே கெட்டுப்போகும். என்னுடையது இப்போது கடையில், பூச்சிமருந்து அலமாரிக்கு மேல்தட்டில், மரப்பெட்டிக்குள் இருக்கிறது. மெல்போர்ன் திசைகாட்டியைச் சித்தப்பா மகன் அடுத்த முறை வரும்போது திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.